ஆயிரம் படிகளும் ஒரே படியும்

பாரிஸ் நகரில் புல்வார் டியூ தாம்ப்ள் என்ற பெருந்தெரு ஒன்று உள்ளது. 1838ஆம் ஆண்டில் லூயி தாகேர் என்பவர் உயரத்திலிருந்த ஒரு சாளரம் வழியே அத்தெருவைப் படம் பிடித்தார். பகல் நேரம், வண்டிகளும் மக்களும் ஓயாது சென்றுகொண்டிருந்த தெரு. ஆயினும் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவரும், மெருகு போடுபவரும் மட்டுமே மங்கலாகத் தெரிகின்றனர். வெள்ளி பூசிய தகட்டில் படம் பதிய அன்று சில நிமிடங்கள் தேவைப்பட்டன. அந்நேரம் முழுவதும் அசையாது நின்றவை பதிந்தன, நகர்ந்தவை மறைந்தன. கூரைகளும் சாளரங்களும் வியக்கத்தக்க நுட்பத்துடன் விழுந்தன. மனிதர்கள்தாம் விழவில்லை.

இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற முறையில் படம் விரைவாகப் பதிந்தது. ஒரே மூலத்திலிருந்து பல படிகள் எடுக்கவும் முடிந்தது. ஆனால் மூலம் காகிதமாகையால் அதன் நார்கள் படத்தின் கூர்மையைக் குறைத்தன. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். அதில் கூர்மையும் இருந்தது, வேகமும் இருந்தது. ஆனால் தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, உடனே கழுவியும் முடிக்கவேண்டும். ஆகவே படம் எடுப்பவர் இருட்டறையையும் தம்முடன் சுமந்து சென்றார்.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை நாம் மனத்தில் கொள்ளலாம். ஒன்று, தரத்துக்கும் வேகத்துக்கும் இடையிலுள்ள இழுபறி என்றென்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. புதிய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றும் அதை இடம் மாற்றுகிறது. மற்றொன்று, அவ்வாறு மாறும்போது வேறெங்கோ ஒரு விலை ஒளிந்திருக்கிறது. இவ்விரு செய்திகளும் இன்றைய புதுமையான கருவி ஒன்றுக்கு அப்படியே பொருந்துவதைக் காண்போம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் வரையும் கருவிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். "மழையில் நனையும் பனைமரம்" என்று எழுதினால் போதும். கணிப்பொறி ஒரு படத்தை உருவாக்கித் தருகிறது. அப்போது பல கருவிகள் உங்களை ஒரு கேள்வி கேட்கின்றன: விரைவாக வேண்டுமா, உயர்ந்த தரத்தில் வேண்டுமா? சிலவற்றில் 'படிகள்' என்றொரு எண்ணும் இருக்கும். அதை 20 என்றும் வைக்கலாம், 100 என்றும் வைக்கலாம். எண் கூடக்கூடப் படம் சிறக்கும் என்றே நம் மனம் எண்ணுகிறது. அந்த எண்ணம் சரியா? அதற்கு விடை காண, அந்த எண் பிறந்த கதையை அறியவேண்டும்.

ஒரே மூச்சில் வரைந்த காலம்

2014இல் கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் இயன் குட்ஃபெல்லோவும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை வெளியிட்டனர். அதில் இரண்டு நரம்பு வலைகள் ஒன்றோடொன்று போட்டியிடும். ஒன்று கள்ள நோட்டு அடிப்பவனைப் போலப் போலிப் படங்களை உண்டாக்கும். மற்றொன்று பரிசோதகரைப் போல, வந்தது போலியா உண்மையா என்று ஆராயும். போட்டி நீள நீள, போலி மேலும் மேலும் உண்மையைப் போல ஆகும். பயிற்சி முடிந்தபின் இவ்வலை ஒரே கணக்கீட்டில், ஒரே மூச்சில், முழுப்படத்தையும் தந்துவிடும். வேகத்துக்குக் குறைவே இல்லை.

ஆனால் குறை வேறிடத்தில் இருந்தது. இரு வலைகளையும் சமநிலையில் வைத்துப் பயிற்றுவது மிகக் கடினம். பரிசோதகரை ஏமாற்றும் சில சாயல்களைக் கற்றுக்கொண்டால் போதும் என்று வலை நின்றுவிடும். பிறகு எத்தனை படம் கேட்டாலும் அதே சாயல்தான் மீண்டும் மீண்டும் வரும்.

மைத்துளி கற்றுத்தந்த பாடம்

2015இல் ஜாஷா சோல்-டிக்ஸ்டைனும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறொரு வழியைக் காட்டினர். அவர்கள் அதை வெப்ப இயக்கவியலிலிருந்து எடுத்துக்கொண்டனர். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு துளி மையை விடுங்கள். முதலில் துளியின் உருவம் தெரியும். சிறிது நேரத்தில் அது கலைந்து நீர் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். இதையே விரவல் என்று பள்ளியில் படிக்கிறோம். கலைந்த மை தானே மீண்டும் துளியாவதில்லை. ஆயினும், கலைதலை மிகச் சிறிய கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பின்னோக்கி நகர்த்தும் வழியைக் கணிப்பொறிக்குக் கற்பித்தால் என்ன?

படத்துக்கும் அப்படியே செய்யலாம். ஒரு நல்ல படத்தின் மீது, வானொலியில் நிலையம் கிடைக்காதபோது கேட்கும் இரைச்சலைப் போன்ற ஒழுங்கற்ற புள்ளிகளைச் சிறிது சிறிதாகத் தூவுகிறார்கள். முடிவில் படம் அழிந்து வெறும் இரைச்சலே மிஞ்சும். ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்த இரைச்சல் எது என்று கண்டறிய வலையைப் பழக்குகிறார்கள். பழகிய வலை, வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கி, படிப்படியாக அதை நீக்கி, இதுவரை இல்லாத ஒரு படத்தை வெளிக்கொணரும். நீங்கள் கருவியில் காணும் 'படிகள்' என்ற எண் இதுவே. எத்தனை தவணைகளில் இரைச்சலை நீக்குவது என்பதே அதன் பொருள்.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகிய மூவரும் இம்முறையில் மிகத் தெளிவான படங்களை உருவாக்கிக் காட்டினர். அவர்கள் வைத்துக்கொண்ட படிகள் 1000. ஒவ்வொரு படியிலும் பெரிய நரம்பு வலை முழுவதும் ஒருமுறை இயங்கவேண்டும். இதன் சுமையை ஒரு கணக்கு விளக்கும். பக்கத்துக்கு 32 புள்ளிகளே கொண்ட 50,000 சிறு படங்களை ஒரு வரைகலை அட்டையில் உருவாக்க, பழைய போட்டி முறைக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. புதிய முறைக்கோ ஏறக்குறைய 20 மணி நேரம் ஆயிற்று.

ஆயினும் வென்றது மெதுவான முறைதான்! 2021 மே மாதம் பிரஃபுல்ல தாரிவால், அலெக்ஸ் நிக்கோல் ஆகியோர் விரவல் முறை போட்டி முறையைத் தரத்தில் விஞ்சிவிட்டது என்று அளவீடுகளுடன் காட்டினர். படங்கள் தெளிவாக மட்டுமன்றி, ஒன்றுக்கொன்று வேறுபட்டும் அமைந்தன. அடுத்த கேள்வி தானே எழுந்தது: இத்தனை படிகளும் உண்மையிலேயே தேவைதானா?

படிகள் குறைந்த கதை

வளைகோட்டின் அடியிலுள்ள பரப்பைக் காணும் கணக்கை நீங்கள் செய்திருக்கலாம். பரப்பைச் செவ்வகப் பட்டைகளாகப் பிரித்துக் கூட்டுவோம். பத்துப் பட்டைகளில் விடை தோராயமாக வரும். ஆயிரம் பட்டைகளில் திருத்தமாக வரும். ஆனால் சிம்ப்சன் விதியைக் கையாண்டால் பத்துப் பட்டைகளிலேயே பெரும்பாலும் நல்ல விடை கிடைத்துவிடும். அதன்பின் பட்டைகளைக் கூட்டினால் உழைப்புதான் கூடும், விடை அசையாது.

படம் வரைவதிலும் நடந்தது இதுவே. 2020 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜியாமிங் சாங், சென்லின் மெங், ஸ்டெஃபானோ எர்மன் ஆகியோர், அதே பயிற்சி பெற்ற வலையைக்கொண்டே, 10 முதல் 50 மடங்கு விரைவாகப் படம் தரும் முறையை வெளியிட்டனர். வலையை அவர்கள் மாற்றவில்லை; படியிறங்கும் வழியை மட்டும் மாற்றினர். 2022இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு இன்னும் கூரிய கணித முறை ஒன்றைத் தந்தது. அதில் 10 முதல் 20 படிகளே போதுமானவையாயின.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. எல்லாப் படிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தொடக்கப் படிகளில் வானம் எங்கே, தரை எங்கே, மரம் எந்தப் பக்கம் என்ற பேரமைப்பு முடிவாகிறது. இறுதிப் படிகளில் இலையின் நரம்பும் மரப்பட்டையின் சொரசொரப்பும் அமைகின்றன. பேரமைப்பு தவறாக விழுந்துவிட்டால், இறுதியில் நூறு படிகளைச் சேர்த்தாலும் அது திருந்தாது. ஐந்தாறு படிகளில் குழம்பியிருக்கும் படம் இருபதில் தெளிவடைவதைக் காணலாம். ஆனால் நல்ல கணித முறையொன்றில் இருபதிலிருந்து நூறுக்குச் சென்றால், இரண்டு படங்களையும் அருகருகே வைத்துத் தேடித்தான் வேறுபாட்டைக் காணவேண்டியிருக்கும். காத்திருந்த நேரமோ ஐந்து மடங்கு!

சுருக்கி வரைதல்

வேகத்தைக் கூட்டிய மற்றொரு வழி, வரையும் பரப்பையே சுருக்குவது. இக்கருத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974இல் வெளியிட்ட கணித உருமாற்றம் ஒன்றுதான், 1992இல் வந்த 'ஜேபெக்' என்னும் படச் சுருக்க முறைக்கு அடிப்படை. நம் கைபேசிப் படங்களில் பெரும்பாலானவை இம்முறையில் சேமிக்கப்படுகின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரங்களைக் கழித்துவிட்டால், சிறிய இடத்தில் படத்தை அடக்கிவிடலாம் என்பதே அதன் சூட்சுமம்.

ஜெர்மனியில் ராபின் ராம்பாக்கும் அவருடைய குழுவினரும் 2021 டிசம்பரில் இதையொத்த கருத்தை விரவல் முறையில் புகுத்தினர். பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட வண்ணப்படத்தில் 7,86,432 எண்கள் உள்ளன. அதை முதலில் ஒரு நரம்பு வலை 16,384 எண்களாகச் சுருக்கிவிடுகிறது. அதாவது 48இல் ஒரு பங்கு! இரைச்சல் நீக்கும் வேலை முழுவதும் இச்சுருங்கிய வடிவத்திலேயே நடக்கிறது. முடிந்தபின் மற்றொரு வலை அதை விரித்து முழுப்படமாக்குகிறது. இதன் அடிப்படையில் 2022 ஆகஸ்டில் 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' வெளிவந்தது. பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிக் கூடங்களில் மட்டும் நடந்துவந்த வேலை, நல்ல வரைகலை அட்டை பொருத்திய வீட்டுக் கணிப்பொறியிலும் நடக்கலாயிற்று.

இங்கும் ஒரு விலை ஒளிந்திருந்தது. சுருக்கிய வடிவத்தின் ஓர் இடம், முழுப்படத்தில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளைத் தாங்குகிறது. எனவே கூட்டத்தில் தொலைவில் நிற்பவர்களின் முகங்களும், கடைப்பலகையின் சிறு எழுத்துகளும் உருக்குலைந்து போயின. இதைத் திருத்தப் படிகளைக் கூட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்தனர். இதற்குப் பயன்படுவது படத்தின் அளவைப் பெரிதாக்குவது, அல்லது அப்பகுதியை மட்டும் தனியே பெரிதாக்கி மறுபடி வரைவது. ஆனால் பக்கத்தை இருமடங்காக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும் என்பதை மறக்கலாகாது. மேலும், ஒரு மாடல் எந்த அளவுப் படங்களில் பயின்றதோ அதைவிட மிகப் பெரிய அளவில் வரையச் சொன்னால், ஒரே உருவம் இரண்டாக முளைப்பது போன்ற கோளாறுகளும் நேர்வதுண்டு.

ஆசிரியரும் மாணவரும்

மூன்றாவது வழி மிகவும் சுவையானது. 2022இல் டிம் சலிமன்ஸ், ஜொனதன் ஹோ இருவரும் ஒரு பயிற்சி முறையைக் கூறினர. பல படிகளில் வரையும் வலை ஆசிரியர். ஆசிரியர் இரண்டு படிகளில் செய்வதை ஒரே படியில் செய்ய மாணவ வலை கற்றுக்கொள்ளும். தேர்ந்தபின் அம்மாணவரே ஆசிரியராகி, மற்றொரு மாணவருக்குக் கற்பிப்பார். ஒவ்வொரு தலைமுறையிலும் படிகள் பாதியாகும். இவ்வாறு ஆயிரக்கணக்கான படிகள் நான்காகச் சுருங்கின.

2023 நவம்பரில் 'எஸ்டிஎக்ஸ்எல் டர்போ' என்ற மாடல் ஒரே படியில் படம் தந்தது. அதன் பயிற்சியில் 2014ஆம் ஆண்டின் அந்தப் பழைய பரிசோதகர் மீண்டும் அமர்த்தப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. கைவிடப்பட்டதாக எண்ணிய கருத்து, தன்னை வென்ற முறைக்கே துணையாக வந்தது! இம்மாடலை உருவாக்கியவர்கள் நடத்திய ஒப்பீட்டில், நான்கு படிகளில் வரைந்த இதன் படங்களையே, ஆசிரிய மாடல் 50 படிகளில் வரைந்தவற்றைவிட மக்கள் மிகுதியாக விரும்பினர். ஆனால் படங்களின் பல்வகைத் தன்மை சற்றுக் குறைகிறது என்பதையும் அவர்களே எழுதினர். படிக்கத்தக்க எழுத்து வராது, மனித முகங்கள் சரியாக அமையாமற் போகலாம் என்றும் எச்சரித்தனர். 2024 ஆகஸ்டில் வந்த 'ஃபிளக்ஸ்' மாடல்களில் விரைவான ஒன்றுக்கு 'ஷ்னெல்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதற்கு 'விரைவு' என்பது பொருள். ஒன்று முதல் நான்கு படிகளில் அது வரைகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய மாணவ மாடலில் படிகளை 50 ஆக்கினால் படம் சிறக்கும் என்று எண்ணாதீர்கள். அது அதற்குப் பழகியதே இல்லை. படம் கெடவும் கூடும். ஆகவே படிகளின் எண்ணைத் தனியாக வைத்துத் தரத்தை அளக்க முடியாது. எந்த மாடல், எந்தக் கணித முறை என்பதோடு சேர்த்தே அதற்குப் பொருள் உண்டு.

'தரம்' என்ற சொல்

இணையம் வழியே இயங்கும் பல கருவிகள் இவ்விவரங்களையெல்லாம் மறைத்துவிட்டு, குறைவு, நடுத்தரம், உயர்வு என்று சொல்லாகவே தருகின்றன. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் கணிப்பொறி நிரலர்களுக்கு வெளியிட்ட பட மாடலில் இம்மூன்று தரங்கள் இருந்தன. பக்கத்துக்கு 1024 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்துக்கு, குறைந்த தரத்தில் 272, நடுத்தரத்தில் 1056, உயர்தரத்தில் 4160 என்று 'டோக்கன்' எனப்படும் துண்டுகள் கணக்கிடப்பட்டன. துண்டுகளுக்கு ஏற்பவே கட்டணம். ஆகவே உயர்தரம் குறைந்த தரத்தைப்போல் 15 மடங்குக்கும் மேலான செலவு. படம் 15 மடங்கு சிறந்ததா என்பதை உங்கள் கண்தான் தீர்மானிக்கவேண்டும்.

செலவு பணத்தோடு நிற்பதில்லை. சாஷா லூச்சியோனியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2023இல் பல மாடல்களின் மின்செலவை அளந்தனர். அவர்கள் சோதித்த பட மாடல்களில் 1000 படங்களுக்குச் சராசரியாக 2.9 யூனிட் மின்சாரம் செலவாயிற்று. வீட்டு மின்கட்டண அட்டையில் காணும் அதே யூனிட்தான். 1000 முறை எழுத்து உருவாக்கச் சராசரியாக 0.05 யூனிட்டுக்கும் குறைவே ஆயிற்று. மாடலுக்கு மாடல் இவ்வளவு பெரிதும் மாறுகிறது என்பது உண்மை. ஆயினும் கணக்கீடு கூடினால் மின்சாரமும் கூடும் என்பதில் ஐயமில்லை.

தரம் தராத ஒன்று

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். அறிவியல் கண்காட்சிக்காக மனித இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விரைவு நிலையில் ஒரு படம் வருகிறது. தசை மங்கலாக இருக்கிறது. குழாய்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. பார்த்தவுடனேயே இது சரியில்லை என்று ஒதுக்கிவிடுவீர்கள். உயர்தரத்தில் மீண்டும் கேட்கிறீர்கள். இப்போது தசை பளபளக்கிறது. குழாய்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பாடநூல் படத்தைப் போலவே தோன்றுகிறது. ஆனால் அறைகள் நான்குதானா? இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைவிடத் தடித்திருக்கிறதா? பெருந்தமனி இடது கீழறையிலிருந்துதான் புறப்படுகிறதா? படத்தில் இதயத்தின் இடப்பக்கம் நம் வலக்கைப் பக்கமாக அமைந்திருக்கிறதா?

இவற்றுக்கெல்லாம் தர அமைப்பு பொறுப்பேற்காது. இதயப் படங்கள் எப்படித் தோற்றமளிக்கும் என்பதைத்தான் மாடல் கற்றது. இதயம் எப்படி இயங்குகிறது என்பதை அது சரிபார்ப்பதில்லை. கூடுதல் கணக்கீடு தோற்றத்தைத் தீட்டும். தவறு இருந்தால் அந்தத் தவறையும் சேர்த்தே தீட்டும். மங்கலான தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. பளபளப்பான தவறு நம்பப்படுகிறது. அது சுவரில் ஒட்டப்பட்டு, நூறு மாணவர் கண்ணில் பட்டு, அவர்கள் மனத்தில் தங்கியும்விடும். தமிழ் எழுத்துகளைப் பயிற்சியில் போதிய அளவு காணாத மாடலும் இத்தகையதே. நான்கு படியிலும் எழுத்தைச் சிதைக்கும். நானூறு படியிலும் சிதைக்கும். அத்தகைய சொற்களைப் பிறகு நாமே எழுதிச் சேர்ப்பதுதான் முறை.

எப்படித் தேர்வது?

இவ்வரலாறு தரும் வழி எளியது. முதலில் விரைவு நிலையில், குறைந்த அளவில், பல படங்களை வரைந்து பாருங்கள். இந்நிலையில் நீங்கள் தேடுவது பேரமைப்பை மட்டுமே: கேட்ட பொருள்கள் வந்தனவா, உரிய இடத்தில் உள்ளனவா, எண்ணிக்கை சரியா. இவை பிழையானால் மாற்றவேண்டியது தரத்தை அன்று; நீங்கள் எழுதிய சொற்களை. பேரமைப்பு பிடித்த பின்னரே படிகளையோ தரத்தையோ உயர்த்துங்கள். கருவியில் 'விதை எண்' என்றொரு வசதி இருந்தால், அதே எண்ணையும் அதே மாடலையும் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க இரைச்சல் அதனால் மாறாது. 2020 அக்டோபரில் வந்த முறை போன்றவற்றில், படிகளைக் கூட்டினாலும் பேரமைப்பு பெரும்பாலும் அப்படியே நின்று, நுட்பங்கள் மட்டும் செம்மையாகும்.

பிறகு பயனை எண்ணிப் பாருங்கள். கைபேசித் திரையில் சிறிதாகக் காட்டும் படத்துக்கு உயர்தரம் வீண். சுவரில் மாட்டும் பெரிய அச்சுப்படத்துக்கு அது தேவைப்படலாம். அங்கும் ஒரே படத்தைக் குறைந்த எண்ணிலும் கூடிய எண்ணிலும் வரைந்து, அருகருகே வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

தாகேரின் தகட்டில் பதியாத மக்கள் அன்று அத்தெருவில் இருக்கத்தான் செய்தார்கள். அத்தகடு பலவற்றை விட்டுவிட்டது. ஆனால் இல்லாத ஒன்றை அது சேர்க்கவில்லை. இன்றைய கருவி இல்லாததையும் தெள்ளத்தெளிவாக வரைந்து தரும். ஆகவே தரத்தை உயர்த்தும் பொத்தானை அழுத்துமுன் பாடநூலைத் திறந்து படத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அந்த வேலைக்கு எந்தக் கருவியிலும் பொத்தான் இல்லை.